பென்சில் நுழையும் துளை

டாசன் தெரு, ஹார்லோ மில்ஸ்
மாசசூசெட்ஸ்
ஜூலை 30

திரு. காசிமிர் வோய்சிக் அவர்களுக்கு,

இருபத்திரண்டு வருஷம் உங்க பக்கத்து வீட்டுல இருந்த லொரெட்டா கோடெட் எழுதறேன். உறையில என் பேரைப் பார்த்ததுமே அடுப்புல போட்டிருப்பீங்கன்னு நினைச்சேன். இந்த வரியைப் படிக்கறீங்கன்னா போடலைன்னு அர்த்தம். அதுவரைக்கும் சந்தோஷம்.

சண்டைக்கு எழுதலை. மரத்தைப் பத்தியும் எழுதலை. ஒரு பூச்சியைப் பத்தி எழுதறேன்.

உங்க வீட்டை வாங்கின எஃபுவா நல்ல பொண்ணு. கானா நாட்டுக்காரி, பெரிய ஆஸ்பத்திரியில நர்ஸ். போன செவ்வாய்க்கிழமை காலையில வேலிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து, "ஆன்ட்டி! ஓடி வாங்க! என் பீன்ஸ் கொடியில ஒருத்தன் உட்கார்ந்திருக்கான்!"னு கத்தினா. ஆம்பளை யாரோன்னு மண்வெட்டியைத் தூக்கிட்டு ஓடினேன். பார்த்தா ஒரு வண்டு.

ஆனா என்ன வண்டுங்கறீங்க! என் சுண்டுவிரல்ல பாதிக்கு மேல இருக்கும். புது ஷூவுக்குப் பாலிஷ் போட்ட மாதிரி கறுப்பு. அது மேல யாரோ பெயின்ட் பிரஷ்ஷை உதறின மாதிரி வெள்ளைப் புள்ளிங்க. மீசை ரெண்டும் உடம்பை விட நீளம். எங்களைப் பார்த்து ஓடலை, பறக்கலை. நிதானமாத் திரும்பி, "உங்களுக்கு என்ன வேணும்?"ங்கற மாதிரி நின்னுச்சு. ஊறுகாய் பாட்டில்ல பிடிச்சுப் போட்டுட்டேன்.

இந்தத் தோட்டத்துல இருபத்திமூணு வருஷமா மண்ணைக் கிளறறேன். இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை. லைப்ரரியில தோட்டப் பூச்சிகள்னு ஒரு புத்தகம் இருந்துச்சு. அட்டையிலேர்ந்து அட்டை வரைக்கும் புரட்டிட்டேன், இல்லை. ஹார்டுவேர் கடை டுவேன் கிட்ட பாட்டிலைக் காட்டினேன்.

"வண்டு மருந்து ரெண்டாவது அலமாரியில இருக்கு"ன்னான்.

"மருந்து கேக்கலை. இது எந்த வண்டுன்னு கேக்கறேன்."

"செத்தா எல்லா வண்டும் ஒண்ணுதான், லொரெட்டா."

நாற்பது வருஷம் நாற்காலி ஃபேக்டரியில மரம் தரம் பிரிச்சவர் நீங்க. துளையைப் பார்த்தே எந்தப் புழு தின்னதுன்னு சொல்வீங்கன்னு ஊரே சொல்லும். அதனாலதான் உங்களைக் கேக்கறேன். வேற யாரையும் எனக்குத் தெரியாது. பூச்சியையே அனுப்பலாம்னா உயிரோட பூச்சியைத் தபால்ல போடக்கூடாது. முப்பத்தொரு வருஷம் தபால்காரியா இருந்து மத்தவங்களுக்குச் சொன்ன சட்டத்தை நானே மீற முடியுமா? படம் வரைஞ்சு வச்சிருக்கேன். காலெல்லாம் ஒண்ணு நீளம் ஒண்ணு குட்டையா இருக்கறது என் தப்பு, பூச்சி மேல குறை இல்லை.

லொரெட்டா கோடெட்


வெர்மான்ட்
ஆகஸ்ட் 4

திருமதி கோடெட் அவர்களுக்கு,

மரத்தைப் பற்றி எழுதவில்லை என்று எழுதினால் அதுவும் மரத்தைப் பற்றி எழுதியதுதான். இருக்கட்டும். நான் பூச்சியைப் பற்றி மட்டும் பதில் எழுதுகிறேன்.

உங்கள் படம் வண்டு மாதிரியும் இருக்கிறது, நண்டு மாதிரியும் இருக்கிறது. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பெரும்பாலும் அது பைன் மரத்தைத் துளைக்கும் உள்ளூர் வண்டாகத்தான் இருக்கும். ஃபேக்டரிக்கு வரும் பைன் கட்டைகளோடு நூற்றுக்கணக்கில் வந்து இறங்கும். ஆபத்தில்லாதது. ஆனாலும் பார்த்துச் சொல்லுங்கள்: முதுகு பளபளப்பா, மங்கலா? இறக்கை இரண்டும் கழுத்தோடு சேரும் இடத்தில், நடு மத்தியில், ஒரே ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கிறதா? பொட்டு இருந்தால் பைன் வண்டு. விஷயம் முடிந்தது. மீசை முழுக்கக் கறுப்பா, பட்டை பட்டையா? பக்கத்தில் பைன் மரம் உண்டா?

பாட்டிலை ஃப்ரீசரில் வையுங்கள். வலியில்லாமல் செத்துவிடும், உடம்பும் கெடாது. அல்லது கொஞ்சம் உப்பு போடுங்கள். உப்பு எதையும் கொல்லும். உங்களுக்குத் தெரியாததா?

கா. வோய்சிக்


டாசன் தெரு
ஆகஸ்ட் 7

திரு. வோய்சிக்,

கடைசி வரியை எழுதாம இருக்க முடியலை இல்லையா உங்களால? சரி, ஒரே ஒரு தடவை சொல்லிட்டு விட்டுடறேன். பனிக்காலத்துல தபால் கொண்டு வர்ற புள்ளை வழுக்கி விழக்கூடாதேன்னு என் வாசல்படியில உப்பு தூவினேன். ஊர்ல எல்லாரும் தூவற அளவுதான். போன ஜூலையில, காத்தே இல்லாத மத்தியானத்துல, நம்ம ரெண்டு வீட்டுக்கும் நடுவுல நிக்கற உங்க மேப்பிள் மரத்துலேர்ந்து பெரிய கிளை முறிஞ்சு என் கண்ணாடித் தாழ்வாரத்து மேல விழுந்துச்சு. ரெண்டு நிமிஷம் முன்னாடி காபி எடுக்க எழுந்து போகலைன்னா நான் அது அடியில. ஆனா நீங்க தெருவே கேக்கற மாதிரி, "இவ கொட்டின உப்புதான் மரத்தைக் கொன்னுது"ன்னு கத்தினீங்க. அக்டோபர்ல வீட்டை வித்துட்டு மகள் வீட்டுக்குப் போயிட்டீங்க. நான் இங்கேயேதான் இருக்கேன். தெருப் பிக்னிக்குக்கு இந்த வருஷம் என்னைக் கூப்பிடலை. உங்களுக்குத் தெரியட்டும்.

இப்போ பூச்சி.

ஃப்ரீசர்ல ஐஸ்கிரீம் பக்கத்துல வச்சேன். மறுநாள் எடுத்து, ஸ்டாம்பு பார்க்கற என் லென்ஸ்ல ஒரு மணி நேரம் பார்த்தேன். எழுந்திருக்க மனசே வரலை. இவ்வளவு அழகான ஜீவனை ஊறுகாய் பாட்டில்ல அடைச்சோமேன்னு ஆயிடுச்சு. முதுகு கண்ணாடி மாதிரி பளபளங்குது, என் முகமே தெரியுது. நீங்க சொன்ன நடுப்பொட்டு இல்லவே இல்லை. அந்த இடம் முழுக் கறுப்பு. மீசை பட்டை பட்டையாத்தான் இருக்கு, கறுப்பு வெள்ளை, கறுப்பு வெள்ளைன்னு. ஒரு மீசையில பதினொரு கணு. மூணு தடவை எண்ணினேன். பாதத்துல லேசா நீலம், விடிகாலை வானம் மாதிரி. இன்னொண்ணு நீங்க கேக்கலை, நானே சொல்றேன். உயிரோட இருக்கறப்போ விரல்ல பிடிச்சா கீச்கீச்னு சத்தம் போட்டுச்சு. துரு பிடிச்ச கதவு கீல் மாதிரி. பூச்சி பேசும்னு எனக்கு அறுபத்திரண்டு வயசுலதான் தெரிஞ்சுது.

மூணு தெருவுக்கு இந்தப் பக்கம் பைன் மரமே கிடையாது.

அதுக்குள்ள எஃபுவா இன்னொண்ணைப் பார்த்துட்டா. உங்க மேப்பிள் மரத்துலயேதான். அதைப் பிடிக்க ஏணி போட்டு ஏறினேன். வண்டு தப்பிச்சுடுச்சு, ஆனா மரத்துல துளைங்களைப் பார்த்தேன். மெஷின் போட்டுத் துளைச்ச மாதிரி சுத்தமான வட்டம். கிளை பிரியற இடத்துல மரத்தூள் குவிஞ்சு கிடக்கு. ஒரு விஷயம்தான் எனக்குப் புரியலை. ஏழெட்டுத் துளையை யாரோ அடைச்சு வச்சிருக்காங்க. தச்சருங்க ஆணித் துளையை மூடுவாங்களே, அந்தப் பட்டி. மேல மரப்பட்டை நிறத்துல சாயம் வேற பூசியிருக்கு. கைதேர்ந்த வேலை.

மரங்கொத்தி பட்டி வைக்காது, இல்லையா?

லொரெட்டா


வெர்மான்ட்
ஆகஸ்ட் 9

லொரெட்டா,

ஏணியில் ஏறாதே. அந்தக் கிளைகள் பலமில்லாதவை.

பூச்சியைப் பற்றி யாரிடமும் இப்போது பேச வேண்டாம். டுவேனுக்குக் காட்டியது போதும். பாட்டில் அப்படியே இருக்கட்டும். இது ஒன்றுமில்லாத விஷயமாக இருக்கலாம். நான் யோசித்து எழுதுகிறேன்.

பட்டி எத்தனை துளைகளில் இருக்கிறது என்று சரியாக எண்ணினாயா? பட்டி வைத்த துளைகள் மூடியபடியே இருக்கின்றனவா, அல்லது அதற்குப் பக்கத்தில் புதிதாகத் துளைத்திருக்கிறதா?

காஸ்


டாசன் தெரு
ஆகஸ்ட் 13

காஸ்,

இருபத்திரண்டு வருஷத்துல ஒரு தடவை கூட என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நீ'ன்னும் எழுதினதில்லை. அஞ்சே வரியில ரெண்டையும் செஞ்சிருக்கீங்க. கடிதத்தை ரெண்டு தடவை திருப்பித் திருப்பிப் படிச்சேன். நான் கேட்டது ஒரே கேள்வி, இது என்ன பூச்சின்னு. அதுக்கு மட்டும் பதில் இல்லை.

பரவாயில்லை, கிடைச்சுடுச்சு. எஃபுவா ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல தேடியிருக்கா. சாப்பாட்டு இடைவேளையில அங்கேர்ந்தே போன் பண்ணினா. "ஆன்ட்டி, உங்க பாட்டில்ல இருக்கறவன் போட்டோ என் முன்னாடி இருக்கு. பாதத்து நீலம் கூட அப்படியே இருக்கு. பேரு ஆசிய நீளக்கொம்பு வண்டாம். அவன் நல்லவன் இல்லை ஆன்ட்டி."

சீனாவுலேர்ந்து சாமான் வர்ற மரப்பெட்டிக்குள்ள ஒளிஞ்சு வந்ததாம். நியூயார்க்குல, சிக்காகோவுல இதுக்காக ஆயிரக்கணக்குல மரத்தை வெட்டியிருக்காங்களாம். புழு மரத்துக்கு உள்ளேயே இருந்து தின்னுமாம், வெளியே ஒண்ணும் தெரியாதாம். மேப்பிள்னா உயிராம். மருந்து போட்டுக் காப்பாத்த முடியாதாம். பிடிச்ச மரத்தை வெட்டித் தூளாக்கறது ஒண்ணுதான் வழியாம். வெளியே வர்ற துளைக்கு ஒரு சோதனை இருக்கு: பென்சில் உள்ளே நுழையணும்.

பென்சிலை எடுத்துக்கிட்டு உங்க மரத்துக்குப் போனேன். நுழைஞ்சுது. அதோட நிக்க முடியலை என்னால. மறுநாள் காலையில என் பழைய தபால் சுத்து முழுக்க நடந்தேன். நானூத்திப் பன்னிரண்டு வீடு. வழக்கம் போல இடது பக்கம் போய் வலது பக்கம் திரும்பினேன், கையில பை இல்லை, பென்சில்தான். வாக்கர் தெரு முனை வீட்டுக்காரர் குழாயோட நின்னு பார்த்துட்டு, "என்னம்மா, மரத்துக்கு ஊசி போடறியா?"ன்னார்.

"ஜுரம் பார்க்கறேன்"னேன்.

"இருக்கா?"

சிரிச்சுட்டு நடந்துட்டேன். ஆனா இருக்கு காஸ். நம்ம தெருவுல பதினோரு மரம், வாக்கர் தெருவுல நாலு. அதுவும் கீழே கைக்கு எட்டற உயரத்துல மட்டும். மேல எத்தனையோ!

பட்டி ஒம்பது துளையில இருக்கு. அதுக்குப் பக்கத்துலயே புதுசா இருபது துளைச்சிருக்கு. நம்ம தெருவுல வேற எந்த மரத்துலயும் பட்டி இல்லை, உங்க மரத்துல மட்டும்தான். சாயத்தோட நிறத்தைக் கூட எனக்குத் தெரியும். என் சமையலறை நாற்காலிக்கு நீங்க பூசிக் கொடுத்த அதே வால்நட் சாயம்.

அது யார் வேலைன்னு நீங்க சொல்லாம நான் எழுத மாட்டேன். சனிக்கிழமை வரைக்கும் காத்திருப்பேன். அப்புறம் வேளாண் துறைக்கு போன் பண்ணப் போறேன். நீங்க என்ன எழுதினாலும் பண்ணுவேன். ஆனா பண்றதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்.

லொரெட்டா


வெர்மான்ட்
ஆகஸ்ட் 15

லொரெட்டா,

சனிக்கிழமை வரை காத்திருக்காதே. கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு முதலில் போன் செய். மீதியைப் பிறகு படி.

செய்துவிட்டாயா?

பட்டி நான்தான் வைத்தேன். நீ அதை ஏழாம் தேதியே கண்டுபிடித்துவிட்டாய் என்று எனக்குத் தெரியும். மரங்கொத்தியைப் பற்றி நீ கேட்டதே என்னைத் தானாகப் பேச வைக்கத்தான். நான் பேசவில்லை.

போன வருஷத்துக்கு முந்தின கோடையில் முதல் துளையைப் பார்த்தேன். அந்த நிமிஷமே தெரியும். ஃபேக்டரியில் இந்த வண்டின் படம் போட்ட நோட்டீஸ் நாலு வருஷம் என் மேஜைக்கு எதிரே தொங்கியது. கண்டால் உடனே சொல்லவும் என்று அடியில் போன் நம்பர். அதை மனப்பாடமாகச் சொல்வேன், இன்றைக்கும்.

நான் அந்தத் தெருவுக்கு இருபத்துநாலு வயதில் வந்தேன். அந்த வருஷம்தான் எல்ம் மரங்களுக்கு நோய் வந்து ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் வெட்டினார்கள். தெரு மொட்டையடித்த தலை மாதிரி ஆனது. ஜனங்கள் வாசலில் வந்து உட்காருவதையே விட்டுவிட்டார்கள். அந்தக் குழிகளில் மேப்பிள் கன்று வைத்தவர்களில் நானும் ஒருவன். இன்னொரு முறை அதைப் பார்க்க மாட்டேன் என்று நினைத்தேன். நினைத்தது அவ்வளவுதான். ஒரு மரம், சில வண்டுகள், நானே தீர்த்துவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். ஒன்பது வண்டுகளைக் கையால் நசுக்கினேன். ஒன்பது துளைகளையும் மூடினேன். நாற்பது வருஷம் மரத்தோடு இருந்தவனுக்குத் தெரியாதா, வண்டு வெளியே போன துளையை மூடுவதால் ஒரு பயனும் இல்லை என்று? தெரியும். மற்றவர்கள் கண்ணில் படக்கூடாது என்றுதான் மூடினேன்.

கிளை விழுந்த அன்று ஓடி வந்து முறிந்த இடத்தைப் பார்த்தேன். உள்ளே கடற்பஞ்சு மாதிரி இருந்தது. தெருவே கூடியிருந்தது. "ஏன் விழுந்துது காஸ்? பச்சையாத்தானே இருந்துது?" என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். உன் படியோரம் போன பனிக்காலத்து உப்பு மூட்டை பாதி காலியாகச் சாய்ந்திருந்தது. என் வாய் அதைச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திரும்ப எடுக்கவில்லை. நீ கையில் காபிக் கோப்பையோடு நின்றாய். நீ அதை எடுக்க எழுந்து போயிருக்காவிட்டால்... இந்த வாக்கியத்தை நேற்றிலிருந்து முடிக்கப் பார்க்கிறேன், முடியவில்லை.

இன்னும் இருக்கிறது. முறிந்த கிளையைத் துண்டு போட்டு, என் மாப்பிள்ளை வெண்டெல் வண்டியில் ஏற்றி, இங்கே கொண்டுவந்தேன். யாரும் உள்ளே பார்க்கக்கூடாது என்பதால். என் மகள் ஐரீனா மேப்பிள் மரங்களில் வடியும் சாற்றைப் பாகாகக் காய்ச்சி விற்கிறாள். அடுப்புக்கு விறகு வேண்டுமே, எரித்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். பாகு காலம் மார்ச்சில் முடிந்தது. உன் பென்சில் கடிதம் வந்ததும் பாகு காய்ச்சும் கொட்டகைக்குப் போய்ப் பார்த்தேன். பாதிக்கு மேல் எரிந்திருக்கிறது. மீதி சுவரோரம் அடுக்கி இருக்கிறது.

கொட்டகையைச் சுற்றி ஐரீனாவின் இரண்டாயிரம் மேப்பிள் மரங்கள் நிற்கின்றன, லொரெட்டா.

அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. இப்போது சொல்லப் போகிறேன்.

காஸ்


டாசன் தெரு
ஆகஸ்ட் 25

காஸ்,

உங்க கடிதம் வந்து ஒம்பது நாளாச்சு. முதல் நாலு நாள் எழுதினா என்ன எழுதுவேனோன்னு பயமா இருந்துச்சு. அதுக்கப்புறம் நேரமே இல்லை.

நீங்க சொன்னபடி முதல்ல போன் பண்ணிட்டுத்தான் மீதியைப் படிச்சேன். சொல்படி கேட்டதுக்கு என்னை நானே திட்டிக்கிட்டேன்.

மறுநாளே ரெண்டு பேர் வந்தாங்க. ஒல்லியா ஒரு ஆளு, கூட ஒரு பொண்ணு. தினமும் நாலு பேர் இதே மாதிரி போன் பண்றாங்களாம், எல்லாம் பைன் வண்டாத்தான் இருக்குமாம். அலுப்போடதான் படியேறினாங்க. பாட்டிலைக் கொடுத்தேன். அந்த ஆளு வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்படியே என் படியிலே உட்கார்ந்துட்டார்.

"இதை எங்க பிடிச்சீங்கம்மா?"

"பீன்ஸ் கொடியில."

"இந்த ஊர்லயா? வேற எங்கேர்ந்தோ கொண்டு வரலையே?"

"நான் இந்த ஊரை விட்டு வெளியே போயே மூணு வருஷமாச்சு."

என் பட்டியலைக் கொடுத்தேன். வீட்டு நம்பர், எந்த மரம், எத்தனை துளை, எந்த உயரத்துலன்னு எழுதியிருந்தேன். அந்தப் பொண்ணு படிச்சுட்டு, "இதுக்கு நாங்க ரெண்டு வாரம் எடுத்திருப்போம்"னா. எனக்குப் பெருமையா இருந்துச்சு. அப்படி இருந்ததுக்கு வெட்கமாவும் இருந்துச்சு. கிளையைப் பிளந்து புழு போன பாதையையும் காட்டினாங்க. மரத்துக்குள்ள தெரு போட்ட மாதிரி வளைஞ்சு வளைஞ்சு போகுது. இவ்வளவு நாசம் பண்றவன் இவ்வளவு நேர்த்தியாவா வேலை செய்வான்?

ரெண்டு தெருவுலயும் அறுபத்தெட்டு மரத்துல சிவப்புப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. இலை உதிர்ந்ததும் வெட்டுவாங்களாம்.

தெருவுல என்ன பேச்சுன்னு கேளுங்க. "முதல்ல உப்பு போட்டா. இப்போ அரசாங்கத்தையே கூட்டிட்டு வந்துட்டா." நம்ம தெரு முனை வீட்டு மைரா எஃபுவா கிட்டயே, "அந்தக் கிழவிக்கு மரம்னாலே ஆகாது"ன்னு சொல்லியிருக்கா. எஃபுவா சும்மா விடலை. "ஜுரம்னு சொன்ன நர்ஸா உனக்கு ஜுரத்தைக் கொடுத்தா?"ன்னு கேட்டாளாம்.

உங்க கடிதம் மேஜை டிராயர்ல இருக்கு. யாருக்கும் காட்டலை. காட்ட மாட்டேன். அது எனக்கு எழுதினது. முப்பத்தொரு வருஷமா இன்னொருத்தர் கடிதத்தை நான் பிரிச்சதில்லை, எனக்கு வந்ததை ஊர்ல படிக்கவும் மாட்டேன். செப்டம்பர் பதினெட்டாம் தேதி பள்ளிக்கூட ஹால்ல கூட்டம் இருக்கு. சொல்றதுன்னா நீங்களே சொல்லணும்.

அந்த விறகு என்ன ஆச்சு? உங்க மேல எனக்கு எவ்வளவு கோபம் இருந்தாலும் தினமும் அதைத்தான் நினைக்கறேன். ஐரீனா கிட்ட சொல்லிட்டீங்களா?

லொரெட்டா


வெர்மான்ட்
செப்டம்பர் 3

லொரெட்டா,

விறகைப் பற்றி முதலில் சொல்கிறேன்.

ஐரீனாவிடம் கொட்டகையில் வைத்துச் சொன்னேன். அவள் கையில் வடிகட்டித் துணி இருந்தது. அதை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். பிறகு, "எத்தனை நாளாத் தெரியும்ப்பா?" என்று கேட்டாள். "ரெண்டு வருஷம்" என்றேன். "அந்த மரத்து மேல அவ்வளவு ஆசையா?" "ஆமா." "இந்த ரெண்டாயிரம் மரம் மேல?" என்று கேட்டாள். வெண்டெல்தான் போன் செய்தான். நாலு நாள் அவளிடமிருந்து சாப்பாடு மட்டும் வந்தது.

வேளாண் துறை ஆட்கள் வந்து மீதி விறகை ஒவ்வொன்றாகப் பிளந்தார்கள். பக்கத்தில் நின்று நானே எடுத்துக் கொடுத்தேன். நூற்றுப் பதினான்கு துண்டுகளில் ஒன்றுமில்லை. நூற்றுப் பதினைந்தாவதில் இருந்தது. விரல் தடிமனில், வெள்ளையாக, உயிரோடு. கோடாரி பட்ட இடத்திலிருந்து மெதுவாக உள்ளே சுருண்டுகொண்டது. மரத்தை விட்டு வெளியே வர இன்னும் ஒரு விரல்கடை தூரம்தான் அதற்கு மிச்சம். இந்தக் கோடையே வந்திருக்கும் என்றார்கள். நீ பீன்ஸ் கொடி வண்டுக்கு மருந்தடித்துவிட்டுப் போயிருந்தால் நான் கொட்டகைப் பக்கம் போயே இருக்க மாட்டேன்.

மீதித் துண்டுகளில் வேறு எதுவும் இல்லை. வெளியேறிய துளை ஒன்றுமே இல்லை. சுற்றியுள்ள மரங்களில் ஏறிப் பார்க்கிறார்கள். இதுவரை சுத்தம். இன்னும் நாலு வருஷம் பார்ப்பார்களாம். நாலு வருஷமும் ஒவ்வொரு கோடையும் ஐரீனா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடப்பாள். அதை அவளுக்குக் கொடுத்தவன் நான்.

பதினெட்டாம் தேதி கூட்டத்துக்கு நானே வருகிறேன். வெண்டெல் அழைத்து வருகிறான்.

காஸ்


டாசன் தெரு
செப்டம்பர் 21

காஸ்,

வந்தீங்க. சொன்னீங்க. இல்லைங்கலை. எழுபத்தோரு வயசுல இருநூறு பேர் முன்னாடி தொப்பியைக் கழட்டிட்டு நின்னு, "எனக்குத் தெரியும், மறைச்சேன்"னு சொல்றது லேசுப்பட்ட காரியம் இல்லை. பட்டியைச் சொன்னீங்க. விறகைச் சொன்னீங்க. மைரா, "உங்களால எங்க மரமெல்லாம் போச்சே!"ன்னு கத்தினப்போ, "ஆமா"ன்னு மட்டும் சொன்னீங்க. எஃபுவா கூட, "பாவம் ஆன்ட்டி"ன்னா.

நான் ரெண்டாவது வரிசையில உட்கார்ந்திருந்தேன். உங்களுக்குத் தெரியும், என்னைப் பார்த்தீங்க. ஒரு வார்த்தை வருமா, ஒரு வார்த்தை வருமான்னு கடைசி வரைக்கும் காத்திருந்தேன். வரலை. "மரம் பூச்சியால செத்துது"ன்னீங்க. "உப்பால சாகலை, லொரெட்டா மேல நான் பொய் சொன்னேன்"னு சொல்லலை. தெருவுக்கு, அரசாங்கத்துக்கு, செத்துப் போன எல்ம் மரத்துக்குக் கூட பதில் சொன்னீங்க. என் பேர் மட்டும் உங்க வாயிலேர்ந்து வரலை.

கடிதத்துல சொன்னேனேன்னு சொல்வீங்க. கடிதம் என் டிராயர்ல இருக்கு. பொய் தெருவுல இல்லையா இருக்கு?

அதுக்கப்புறம் நீங்க வண்டியில ஏறறப்போ நான் வந்து பேசாததுக்கு இதுதான் காரணம். மரியாதை தெரியாம இல்லை.

லொரெட்டா


வெர்மான்ட்
செப்டம்பர் 25

லொரெட்டா,

நீ சொல்வது சரி. உன்னைப் பார்த்தேன், அதனால்தான் வாய் வரவில்லை. அது சமாதானம் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

டாசன் தெருவின் இருபத்து மூன்று வீடுகளிலும் இப்போது இருப்பவர்களின் பெயர்களைச் சரியான எழுத்தோடு எழுதி அனுப்பு. தப்பான பெயர் போட்ட கடிதத்தை யாரும் முழுசாகப் படிப்பதில்லை என்று நீதான் ஒருமுறை சொன்னாய்.

காஸ்


டாசன் தெரு
டிசம்பர் 9

காஸ்,

மரம் வெட்டி முடிஞ்சு பத்து நாளாச்சு. அதைப் பத்தி எழுத எனக்கு இஷ்டமில்லை, உங்களுக்குப் படிக்கவும் இஷ்டம் இருக்காது. ஒண்ணு மட்டும் சொல்றேன்: மைராவோட வீடு பச்சை நிறம்னு இத்தனை வருஷத்துல இப்போதான் எனக்குத் தெரியுது.

நான் எழுதி அனுப்பின பேருக்கெல்லாம் உங்க கடிதங்க வெள்ளிக்கிழமை வந்துச்சு. நான் ஜன்னல்ல நின்னுட்டிருந்தேன். புதுத் தபால்காரன் டெரன்ஸ், "மேடம், ஒரே கையெழுத்துல இருபத்திரண்டு உறை! கல்யாணமா?"ன்னு கேட்டான். ஒவ்வொரு பெட்டியிலயும் போட்டான். என் பெட்டியைத் தாண்டிப் போயிட்டான்.

முதல்ல கோபம் வந்துச்சு. அப்புறம் பார்த்துட்டே நின்னேன். முப்பத்தொரு வருஷம் கடிதம் கொடுத்திருக்கேன், ஆனா கொடுத்துட்டு அடுத்த வீட்டுக்குப் போயிடுவேன். ஜனங்க எப்படிப் படிப்பாங்கன்னு பார்த்ததே இல்லை. சில பேர் வாசல்லயே நின்னு படிச்சாங்க. எதிர் வீட்டுக்காரர் குளிர்ல கையுறையைக் கழட்டிட்டுப் படிச்சார். மைரா படிச்சுட்டு என் வீட்டைப் பார்த்தா, மறுபடி கடிதத்தைப் பார்த்தா, உள்ளே போயிட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு என் கதவைத் தட்டி அவ கடிதத்தை நீட்டினா. "இதை நீங்க படிச்சீங்களா?"ன்னா. "உனக்கு வந்தது, நான் ஏன் படிக்கணும்?"னேன். "அப்போ நான் படிக்கறேன், நீங்க கேளுங்க"ன்னு என் சமையலறையில நின்னுக்கிட்டே, கோட்டைக் கூடக் கழட்டாம, சத்தமாப் படிச்சா. என் பேர் நாலு தடவை வருது. நான் எண்ணினேன்.

அதுக்கப்புறம் ரெண்டு பேருக்கும் காபி போட்டேன்.

பரவாயில்லைன்னு உங்களுக்கு எழுத மாட்டேன். பரவாயில்லைன்னு ஆகிடலை. ஒரு வருஷத்துக்கு மேல என் தெருவுல நான் தலையைக் குனிஞ்சுட்டு நடந்தேன். அதைத் திருப்பித் தர முடியாது.

ஆனா இதைக் கேளுங்க. ஜனவரியிலேர்ந்து ஊர்ல மிச்சம் இருக்கற மரங்களை ஒவ்வொண்ணாப் பார்க்கப் போறாங்க. இலை இல்லாத காலத்துலதான் துளை நல்லாத் தெரியுமாம். வேளாண் துறையில ஆள் பத்தாதாம், ஊர்க்காரங்களையும் சேர்த்துக்கறாங்க. பைனாகுலர் அவங்களே தர்றாங்க. ரெண்டு ரெண்டு பேரா நடக்கணுமாம். நான் பேர் கொடுத்துட்டேன். எனக்கு வீடெல்லாம் தெரியும், நாயெல்லாம் தெரியும். ஆனா கிளையோட முடிச்சு எது, துளை எதுன்னு தூரத்துலேர்ந்து சொல்ல எனக்கு இன்னும் தெரியலை. கூட வர்றவர் பேருன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. நிரப்பிட்டேன். எழுத்து சரியாத்தான் இருக்கும், தைரியமா இருங்க.

ஜனவரி ஏழு, காலையில ஒம்பது மணி, பள்ளிக்கூட வாசல். கம்பளி சாக்ஸ் ரெண்டு ஜோடி கொண்டு வாங்க. தினமும் எட்டு மைல் நடக்கணும். நான் வேகமா நடப்பேன்.

லொரெட்டா